டெக்னீஷியன் அக்காவும் எட்டு சுவிட்சும்

என் மாமியாரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வழுக்கை, மீதிப் பேருக்குத் தொப்பை. வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே எல்லாருக்கும் கண் கலங்கிவிடும். "அக்கா, என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்பார்கள்.

"மிஷினைக் கொண்டு வந்திருக்கீங்களா, மூஞ்சியை மட்டும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்பார் அத்தை.

இந்த ஐம்பது வயதுத் தம்பிமார்கள் எல்லாம் ஒரு காலத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த வீடியோ கேம் கூடத்தில் வளர்ந்தவர்கள். கீழே செருப்புக் கடை, மேலே கூடம். ஜன்னலே கிடையாது. இருபத்தாறு மிஷின்கள் ஒரே நேரத்தில் கத்தும். சூடான தூசி, ஈரக் காலுறை, கருகின வயர் மூன்றும் கலந்த ஒரு வாசனை மாடிப்படியிலேயே வந்து மூக்கைப் பிடிக்கும். அந்த வாசனையை நினைத்து ஒருவர் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதே இருக்கிறார். அத்தை அவரிடம் சொன்னது: "அது எலி செத்த வாசனை தம்பி. ஏழாம் நம்பர் மிஷினுக்குப் பின்னாடி. மூணு மாசம் கழிச்சுதான் கண்டுபிடிச்சேன்."

அந்தக் கூடத்தில் அத்தை பதினோரு வருடம் டெக்னீஷியனாக இருந்தார். இருபத்து மூன்று வயதில் வேலைக்கு மனுப் போட்டபோது பெயரை முழுதாக எழுதாமல் முதலெழுத்துகளை மட்டும் எழுதியிருந்தார். முதலாளி யாரோ ஓர் ஆண்பிள்ளை என்று நினைத்து வரச் சொல்லிவிட்டார். வந்து நின்றதும் மனிதருக்கு முகம் தொங்கிவிட்டது.

"உங்க அண்ணன் வரலையாம்மா?"

"அண்ணன் துணிக்கடையில இருக்கான். அவனுக்கு பல்பு மாத்தவே பயம். எந்த மிஷின் ஓடல, காட்டுங்க."

மத்தியானத்துக்குள் மூன்று மிஷின் ஓடியது. முதலாளி அதற்கப்புறம் அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை.

வேலை ஒன்றும் நாசூக்கானது அல்ல. ஆட்டத்தில் தோற்ற பையன்கள் மிஷினை உதைப்பார்கள், ஜெயித்த பையன்கள் குதித்துக் கைப்பிடி ஸ்டிக்கைப் பிடுங்குவார்கள். பட்டன்களுக்கு அடியிலிருந்து பபுள்கம்மைச் சுரண்டி எடுக்க வேண்டும். டோக்கன் போடுகிற ஓட்டையில் சட்டைப் பித்தான் முதல் உடைந்த சீப்பு வரை எல்லாம் மாட்டியிருக்கும். ஒருமுறை பெரிய மிஷின் ஒன்றின் முதுகைக் கழற்றியபோது உள்ளேயிருந்து பதினோரு மதிப்பெண் அட்டைகள் விழுந்தன, ஒன்றில்கூட அப்பாவின் கையெழுத்து இல்லை. உதைக்கிறவர்களுக்காகச் சுவரில் ஒரு வட்டம் வரைந்து, "உதைப்பவர்கள் இங்கே உதைக்கவும்" என்று எழுதி வைத்தவரும் அத்தைதான். ஒரு வருடத்தில் அந்த இடத்தில் செங்கல் தெரிந்தது.

பிறகு வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்தது, கூடம் மூடியது. அத்தை இருபத்தைந்து வருடம் வாஷிங் மெஷின் ரிப்பேர் பார்த்தார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாஷிங் மெஷின்காரங்க யாரும் 'இதுலதான் சின்ன வயசுல துவைச்சேன்'னு அதைக் கட்டிப்புடிச்சு அழுததில்ல மாப்பிள்ளை."

நானும் அந்தக் கூடத்துக்குப் போனவன்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் என் அண்ணனோடு போவேன். பல வருடம் கழித்து, இப்போது என் மனைவியாக இருப்பவளின் வீட்டுக்கு முதன்முதலாகப் போனேன். வீட்டு ஹால் நடுவில் ஒரு வாஷிங் மெஷினைக் குப்புறக் கவிழ்த்து அதன்மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்ததும், "டெக்னீஷியன் அக்கா!" என்று கத்திவிட்டேன். அன்று முழுவதும் அவரோடு பேசிவிட்டு, காதலித்த பெண்ணிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை, மறக்க விடுவதும் இல்லை.

அத்தை ஓய்வெடுக்க ஆரம்பித்த வருடம் டைல்ஸ்காரர் முளைத்தார். தரை ஓடு விற்கிற பெரிய கடைக்காரர். ஏதோ ஒரு கிடங்கில் துருப்பிடித்துக் கிடந்த பழைய மிஷின்கள் பத்தை வாங்கித் தன் கடை மாடியில் வைத்து, "பழைய விளையாட்டு அன்பர்கள் சங்கம்" என்று பலகையும் மாட்டிவிட்டார். பலகை ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது. மிஷின்கள் பத்தும் பிணம். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தவர் இதைச் சொல்லிப் புலம்ப, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல் டெக்னீஷியன் அக்கா என் மாமியார் என்று சொல்லிவிட்டேன். மறுநாளே புதுச்சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, சம்பந்தம் பேச வந்தவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

அத்தை முடியாது என்றுதான் சொன்னார். மாமாதான் கெஞ்சினார். "போயிட்டு வாயேன். நல்லா ஓடற மிக்சியை இந்த மாசம் மூணு தடவை கழட்டிட்டே. இனிமே வீட்டுல கழட்ட நான் மட்டும்தான் பாக்கி."

இப்படியாக அத்தை மறுபடியும் வேலைக்குப் போனார். சனி ஞாயிறுகளில் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போவேன். நாலு மாதத்தில் ஒன்பது மிஷின்களுக்கு உயிர் வந்தது. பத்தாவதுதான் வண்டு ஆட்டம்.

வண்டு ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரைக்குக் கீழே உங்கள் கப்பல். மேலேயிருந்து வண்டுகள் வரிசை வரிசையாக இறங்கிக் குண்டு போடும். பன்னிரண்டு கட்டம் தாண்டினால் ராணி வண்டு வரும் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் யாரும் பார்த்ததில்லை. ஐந்தாம் கட்டத்திலேயே எல்லாரும் கூண்டோடு கைலாசம்.

அந்த ராணியை ஒரே ஒருவன் வரவழைத்தான். பதினாலு வயசு, ஒல்லிக்குச்சி உடம்பு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஒரே ஒரு டோக்கனைப் போட்டு ஆட ஆரம்பித்தவன் ஒரு மணி நேரம் ஆடினான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் ஆட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அண்ணனின் தோளில் ஏறி நின்று பார்த்தேன். ராணி ஊதா நிறம். இரண்டு கொம்பிலும் நெருப்பு. அவன் அதைக் கொன்றபோது யாரோ என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் ஒத்தை டோக்கன். இப்போது ஊரில் நல்ல பல் டாக்டர். ஆனாலும் பழைய ஆட்கள் பல் பிடுங்கப் போனால் வாயைத் திறந்தபடியே "ஒத்தை டோக்கன் அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள்.

சங்கத் திறப்பு விழாவில் அவரே வந்து அதே ஆட்டத்தை ஆட வேண்டும் என்று டைல்ஸ்காரர் முடிவு செய்துவிட்டார். சுவரில் அவர் படமும், அந்த வியாழக்கிழமையின் தேதியும் அச்சடித்த பேனர் ஏறியது.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அத்தை வண்டு ஆட்டத்தின் பின்கதவைத் திறந்தார். திறந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். உள்ளே பலகையில் அரிசி மணி அளவில் எட்டு சுவிட்சுகள். பக்கத்தில் நீல மையில் சின்னதாக ஓர் அம்புக்குறி.

"இது நம்ம மிஷின்தான் மாப்பிள்ளை. இது நான் போட்ட அம்பு."

"எதுக்கு அத்தை இந்த சுவிட்ச்?"

"வண்டு எவ்வளவு வேகமா வரணும், எத்தனை உயிர் குடுக்கணும், எல்லாம் இதுலதான். இப்படித் தள்ளினா கஷ்டம், அப்படித் தள்ளினா பால்குடி ஆட்டம். அந்தப் பல் டாக்டர் ஜெயிச்ச அன்னைக்கு அப்படித் தள்ளியிருந்தேன்."

எனக்குக் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

"முதலாளி வெளியூர் போயிருந்தாரு. எனக்கு எட்டாம் மாசம், உங்க பொண்டாட்டிதான் வயித்துல. காலு ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடந்துச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருத்தன் தோத்துட்டு 'அக்கா, பட்டன் வேலை செய்யல'ன்னு வந்து நிக்கறான். எந்திரிச்சு எந்திரிச்சு உயிர் போகுது. எல்லா மிஷினையும் ஈஸியா வெச்சுட்டேன். ஆளுக்கு ஒரு மிஷின்ல ஒட்டிக்கிட்டாங்க, யாரும் என்கிட்ட வரல. ஸ்டூல்ல காலைத் தூக்கிப் போட்டுத் தூங்கிட்டேன். நீங்கல்லாம் கத்தின சத்தத்துலதான் முழிப்பு வந்துச்சு."

என் வாழ்க்கையில் நான் பார்த்த மகத்தான காட்சி ஒரு கர்ப்பிணியின் கால்வலி. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை" என்றேன். குரல் எனக்கே பாவமாக இருந்தது.

"எனக்கென்ன வேலை?" என்று அவர் ஸ்டிக்கைக் கழற்றப் போய்விட்டார். அந்த ஸ்டிக்குக்கு மட்டும் நாலு நாள் ஆனது. பழைய ஸ்பிரிங் கிடைக்காமல் எதை எதையோ வெட்டி வளைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு வாஷிங் மெஷின் கதவின் ஸ்பிரிங்கைச் சரி பண்ணிப் பொருத்தினார். தொட்டால் வெண்ணெய் போலப் போனது. அத்தை தன் வேலையைத் தானே மெச்சிக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் டாக்டரே மாடி ஏறி வந்தார். டைல்ஸ்காரர் இல்லை என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, மிஷின் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்த வண்டுங்க கொஞ்சம் மெதுவா வந்துச்சா?"

அத்தை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ரொம்ப மெதுவா. அஞ்சு உயிர் வேற."

அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். நான் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மறுநாள் வந்து ஆடினேன் அக்கா. நல்லவேளை, காலைல யாரும் இல்ல. ரெண்டாவது கட்டத்துலயே காலி. மறுபடி ஆடினேன், மறுபடி காலி. அதோட அந்தக் கூடத்துப் பக்கமே வரல. சாம்பியன் ரிட்டயர் ஆயிட்டாருன்னு ஊரே பேசிக்கிச்சு. என்னன்னு புரியாமயே இத்தனை வருஷம் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டிருந்தேன்."

"வந்து கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே தம்பி."

"உங்ககிட்ட பேசவே எங்களுக்கெல்லாம் பயம்."

"சரி, நாளைக்கு எப்படி வைக்கட்டும்?"

டாக்டர் யோசிக்கவே இல்லை. "அன்னைக்கு மாதிரியே வெச்சுடுங்க. 'வலிக்காது, வலிக்காது'ன்னு தினம் முப்பது பேர்கிட்ட பொய் சொல்றவன் நான். இதுவும் ஒண்ணு."

அத்தை சுவிட்சுகளைத் தள்ளினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு காலை அறுபது பேர் கூடிவிட்டார்கள். டைல்ஸ்காரர் நீளமாக ஒரு பேச்சுப் பேசினார். அத்தை கடைசி வரிசையில் என் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரே ஒரு டோக்கனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டிவிட்டு உள்ளே போட்டார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

முதல் கட்டத்திலேயே ஓர் உயிர் போனது. சும்மா விளையாட்டுக் காட்டுகிறார் என்று ஜனம் சிரித்தது. இரண்டாம் கட்டத்தில் இரண்டு உயிர் போனது. யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். டாக்டர் தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டி ஆடிக்கொண்டிருந்தார். மேலே பார்த்தால் தூரம், கீழே பார்த்தால் படிப்பு என்று இரட்டைக் கண்ணாடி போட்டிருந்தார். வண்டு மேல் கண்ணாடியிலிருந்து கீழ் கண்ணாடிக்கு வரும்போது ஒரு துள்ளுத் துள்ளும், டாக்டர் எதிர்ப்பக்கம் தாவுவார், குண்டு நேராக அவர் தலையில் விழும். அந்தக் கண்ணாடி என் கடையில் போட்டது. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றாம் கட்டத்தில் எல்லாம் முடிந்தது. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"ஸ்டிக் சரியில்ல போல" என்றார் டைல்ஸ்காரர், மானத்தைக் காப்பாற்றுவதற்காக.

எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "ஆமா, இடது பக்கம் சிக்குது, நானே பார்த்தேன்." "பழைய ஸ்பிரிங்கா இருக்கும்." பின்னாலிருந்து ஒரு குரல்: "இதெல்லாம் நல்ல ஆளாப் பார்த்துக் குடுத்து ரிப்பேர் பண்ணியிருக்கணும்."

கோளாறு கண்ணாடியில் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அறுபது பேரும் என் வாடிக்கையாளர்கள் ஆகக்கூடிய வயதில் இருந்தார்கள்.

அத்தை எழுந்தார். கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்தது. சின்ன வயதில் மிஷினை உதைத்துவிட்டு அவர் வருவதைப் பார்த்து விலகினவர்கள்தானே. நேராகப் போய் ஸ்டிக்கைப் பிடித்து நாலு பக்கமும் அசைத்துக் காட்டினார்.

"யாரு சிக்குதுன்னு சொன்னது? இங்க வந்து புடிச்சுப் பாரு. எங்க சிக்குது? நாலு நாள் உக்காந்து பண்ணது இது."

"இல்லக்கா, ஒத்தை டோக்கனே தோத்துட்டாருன்னா மிஷின்லதானே கோளாறு…" என்று இழுத்தார் டைல்ஸ்காரர்.

"மிஷின்ல கோளாறு இல்ல. அன்னைக்கு அவன் ஜெயிச்சதுலதான் கோளாறு." பின்கதவைப் படாரென்று திறந்தார். "இந்தா, எட்டு சுவிட்ச். அன்னைக்கும் ஈஸி, இன்னைக்கும் ஈஸி. இதுக்கு மேல ஈஸியா வைக்கணும்னா வண்டுங்களைத் தற்கொலை பண்ணிக்கச் சொல்லணும்."

பிறகு எட்டாம் மாசம், வீங்கிய கால், ஸ்டூல், தூக்கம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். டைல்ஸ்காரர் பேனரைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார். டாக்டர் பள்ளிக்கூடப் பையன் போலக் கையைத் தூக்கி, "அக்கா சொல்றது நிஜம்தாங்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கடைசி வரிசையிலிருந்து என் மனைவி சத்தமாகச் சொன்னாள்: "அப்படின்னா ராணி வண்டைக் கொன்னது நான்தானேம்மா? பேனர்ல என் படத்தைப் போடச் சொல்லு!"

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அறை முழுக்கச் சிரிப்பு பரவியது. டைல்ஸ்காரர் மட்டும் சேரவில்லை. சங்கம் உடைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஐந்து நிமிடத்தில் வேறு ஒன்று நடந்தது. ஒருவர் தயங்கித் தயங்கி அத்தையிடம் வந்தார். பெரிய வங்கியில் பெரிய பதவியில் இருப்பவர்.

"அக்கா, குரங்கு ஆட்டத்துல நான் ஒருவாட்டி கடைசி மாடி வரைக்கும் போனேன். மழைக்காலம். அது…?"

"மழைக்காலத்துல அது எப்பவுமே ஈஸிதான். உள்ள ஈரம் எறங்கி, கஷ்டத்துல வெச்சா நின்னு போயிடும்."

மனிதர் வெளிறிப்போய் நகர்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க வந்தவர்கள் போல ஒவ்வொருவராக வந்து தங்கள் வருடத்தையும் மாதத்தையும் சொல்ல, அத்தை நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஈஸி." "நடுத்தரம்." "எனக்கு ஞாபகமில்ல, நீங்களே எதையாவது வெச்சுக்கங்க." கார் ஓட்டுகிற ஆட்டத்தில் முதலிடம் வந்த ஒருவரிடம், "அந்த மிஷின்ல சுவிட்சே செத்துப்போச்சு தம்பி. அது நீங்களா ஓட்டினதுதான்" என்றார். வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஐம்பத்திரண்டு வயது ஆள் அங்கேயே நின்று துள்ளிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மனைவிக்குச் சொல்ல மாடிப்படிக்கு ஓடினார்.

திரும்பி வரும் வழியில் காரின் பின்சீட்டிலிருந்து அத்தை கேட்டார்: "அந்தப் பையன் போட்டிருந்த கண்ணாடி உங்க கடையில போட்டதா?"

"ஆமா அத்தை."

"அப்ப என் ஸ்டிக்கைச் சொன்னப்போ ஏன் வாயைத் தொறக்கல?"

எதிரே யாரும் இல்லாத தெருவில் நான் ஹாரன் அடித்தேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அத்தை வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை. வந்த பிறகும் இரண்டு வாரம் பேசவில்லை. மாப்பிள்ளை என்ற மரியாதைக்குச் சாப்பாடு மட்டும் வந்தது.

பரிகாரமாக டாக்டருக்கு வேறு கண்ணாடி செய்து கொடுத்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு போய், ஆள் நிற்கிற இடத்திலிருந்து திரை வரை அளந்து, அந்தத் தூரத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரிகிற கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் கம்பத்தில் முட்டிக்கொள்ளலாம், வண்டு மட்டும் பளிச்சென்று தெரியும். அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார். பேச ஆரம்பித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

சங்கம் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு மிஷின் மேலும் இப்போது அத்தையின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: சுலபம், நடுத்தரம், கஷ்டம். பேனரைக் கழற்ற டைல்ஸ்காரருக்கு மனசு வரவில்லை, தேதியை மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்திருக்கிறார். டாக்டர் சனிக்கிழமை மத்தியானங்களில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வருகிறார். நடுத்தரத்தில்தான் ஆடுகிறார். பார்க்க ஆள் கூடுவதில்லை, அவரும் கூப்பிடுவதில்லை. முதல் மாதம் நாலாம் கட்டம், அப்புறம் ஆறு.

போன சனிக்கிழமை ஒன்பதாம் கட்டத்துக்குப் போய்விட்டார். அத்தை பக்கத்து மிஷினின் முதுகுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். டாக்டரின் நெற்றியில் வியர்வை, விரல் பட்டனைப் போட்டுக் குத்து குத்தென்று குத்துகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை வாயில் கவ்வியிருந்த டார்ச்சை எடுத்துவிட்டு, தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்: "தம்பி, மெதுவா அமுக்கு. அந்தப் பட்டனைப் போன வாரம்தான் மாத்தினேன்."